றோயின் கழுத்தும் ரொஷானியின் சேன்ட் பேப்பரும்

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். இரத்தம் வருகிற கதை. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடமாட்டேன். ஆனால் பாதியில் நிறுத்தச் சொன்னால் அதையும் கேட்கமாட்டேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் றோய் என்றொருவன் இருந்தான். பழைய சிவப்பு வேன் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பதுளை டவுனுக்கு ஏற்றி இறக்குகிறவன். வாய் ஓயாத பகிடிக்காரன். அவன் பெண்சாதி ரொஷானி. வேனின் முன்விளக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி இரண்டும் மஞ்சள் பூத்து மங்கிப்போயிருந்தன. பனி இறங்கிவிட்டால் வெளிச்சம் பத்தடி தாண்டாது. “எங்க வேனுக்குக் கண்ணுல பொறை விழுந்திருச்சு, ஆபரேசன் பண்ணணும்” என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றது. அன்று காலை ஆறரை மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள்கள் கூடுகிற பெரட்டுக்கு நடந்துபோன சூசையம்மாவை ஏதோ ஒரு வண்டி அடித்துத் தேயிலைக்குள் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் புருசன் யேசுரத்தினம் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். ஓடிவந்து அவளைத் தூக்கியபோது தலை அவன் முழங்கையில் நிற்கவில்லை, பின்னால் தொங்கியது. ரோட்டில் கிடந்த விளக்குக் கண்ணாடித் துண்டுகளை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டான். அடக்கம்வரை இரண்டு நாளும் அந்தப் பையைக் கையைவிட்டு இறக்கவில்லை; தோட்டமே அதைப் பார்த்தது.

சனிக்கிழமை பிள்ளைகளின் தாய்மார் றோயைப் பிடித்துக்கொண்டார்கள். “திங்கக்கெழமைக்குள்ள ஒங்க லைட்ட சரி பண்ணுங்க. இல்லாட்டி எங்க புள்ளைங்க வராது.” அந்த வேனுக்குப் புது விளக்கு பதுளை முழுக்கத் தேடியும் இல்லை. ரொஷானி கடைத்தெருவில் வாஹித் நானாவின் இரும்புக்கடைக்குப் போய், மங்கிய கண்ணாடியை வீட்டிலேயே தெளியவைக்க வழி கேட்டாள்.

“சேன்ட் பேப்பரால தண்ணி ஊத்தித் தேய்ங்க தங்கச்சி. மொதல்ல பால் மாதிரி வெளுத்துப் போகும். கெட்டுப்போச்சேன்னு பயந்து நிப்பாட்டிறாதீங்க. நைசான பேப்பருக்கு மாறிமாறிப் போகணும். கடைசில பொலிஷ். ஓரத்தச் சுத்தி டேப் ஒட்டிக்கிடுங்க, இல்லாட்டி வேன் பெயின்ட் கரைஞ்சு வந்துரும்.”

மூன்று தரப் பேப்பரும் பொலிஷ் டப்பாவும் வாங்கினாள். டேப்பை மறந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்து இடது பக்க விளக்கைத் தேய்த்து முடித்தாள். பளிச்சென்று வந்தது. ஆனால் ஓரத்துப் பழைய பெயின்ட்டும் சேர்ந்து தேய்ந்து, சிவப்புத் தண்ணீர் வாசலில் வழிந்து, வடிகால் கானில் விழுந்து, கீழ்ப் பாதைவரை ஓடியது.

கீழ்ப் பாதையில் அப்போதுதான் சூசையம்மாவைப் புதைத்துவிட்டு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். சாராயமும் உள்ளே போயிருந்தது. யேசுரத்தினத்தின் ஒரு கையில் பை. மறு கையில், குழிமேட்டுப் பற்றையை வெட்டக் கொண்டுபோன, தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி. சிவந்து ஓடிய தண்ணீரைப் பார்த்து நின்றான். எவனோ ஒருவன் வாய் திறந்தான்: “ரத்தம்.”

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது, கண்ணுகளா. தண்ணீர் வந்த வழியே எல்லோரும் மேலே ஏறினார்கள்.

“என்னடி கழுவுற?” என்றான் யேசுரத்தினம்.

“லைட்டுண்ணே. மங்கிப்போச்சு, அதான்...”

“மங்கிப்போச்சா? எம் பொஞ்சாதி ரத்தம் காஞ்சுபோச்சா?”

சத்தம் கேட்டு றோய் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தான். “என்னண்ணே, ஊரே தெரண்டு...” அதற்குமேல் அவனுக்குச் சொல்லக் கிடைக்கவில்லை. மண்வெட்டிப் பிடி ஒன்று அவன் வாயில் இறங்கியது. கோப்பை உடைந்தது, பல்லும் உடைந்தது. விழுந்தவனின் விலாவில் மிதித்தார்கள். ரொஷானி தண்ணீர் வாளியைத் தூக்கி, முன்னால் நின்றவன் முகத்தில் அடித்தாள்; அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தாள், வாயில் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அதற்குள் றோயின் வலது கையை வாசல்படியில் வைத்து ஒருவன் மிதித்தான். காய்ந்த விறகு முறிகிற சத்தம் வந்தது. றோய் போட்ட அலறலில் அடுத்த லயத்துக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

யேசுரத்தினம் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, கத்தியைக் கழுத்தில் வைத்தான்.

“அண்ணே!” ரொஷானியின் தொண்டை கிழிந்தது. “அந்தப் பையில இருக்க துண்ட எடுங்க! எங்க பொருந்துதுன்னு காட்டிட்டு வெட்டுங்க!”

கத்தி நின்றது. ஒருவன் யேசுரத்தினத்தின் முழங்கையில் தொங்கிய பையைப் பிடுங்கித் துண்டுகளைத் தரையில் கொட்டினான். வேனின் இரண்டு விளக்கிலும் ஒரு கீறல் வெடிப்புக்கூட இல்லை.

“புதுசு மாட்டிட்டா மாமா,” என்றான் மூக்குடைந்தவன். “பாருங்க, ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. கள்ளி! வெட்டுங்க!”

“புதுசு இல்ல! தேய்ச்சது! மத்ததையும் ஒங்க கண்ணு முன்னாலயே இப்பிடி ஆக்கிக் காட்டுறேன். ஆகலேன்னா ரெண்டு பேரையுமே வெட்டுங்க!”

யேசுரத்தினம் கத்தியை எடுக்கவில்லை. “தேயி,” என்றான்.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, முரட்டுப் பேப்பரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கீழேயிருந்து றோய் இரத்தத்தைத் துப்பினான். “மெதுவாடி... பெயின்ட் போயிரும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போனது, தெளிவு வரவில்லை. கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினதுபோல வெளுத்துப்போனது. இருந்த வெளிச்சமும் போய்விட்டது.

“நாசமாக்குறா! ஏமாத்துறா!” கல்லொன்று வந்து அவள் தோளில் பட்டது. யேசுரத்தினத்தின் கை இறுகியது. றோயின் கழுத்துத் தோல் பிளந்து இரத்தம் கோடாக இறங்கியது.

பயந்து நிறுத்தியிருந்தால் அவன் செத்திருப்பான். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது பேப்பர். விரல்நுனித் தோல் உரிந்தது. மூன்றாவது பேப்பர். ஓரத்துப் பெயின்ட் கரைந்து, எல்லோரும் பார்க்கச் சிவப்புத் தண்ணீர் அவள் முழங்கையால் வழிந்து கானுக்கு ஓடியது. கூட்டத்தின் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் குனிந்து தொட்டு மோந்தார். “அட பாவிகளா,” என்றார், “பெயின்ட்டுடா.”

பாவாடை ஓரத்தைக் கிழித்துப் பொலிஷைத் தொட்டு அழுத்தி அழுத்தித் துடைத்தாள். வெள்ளை விலகியது. முதலில் உள்ளேயிருந்த பல்ப் தெரிந்தது. பிறகு அதன் கம்பிகூடத் தெரிந்தது. இரண்டு விளக்கும் ஒரே மாதிரி நின்றன.

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மூக்குடைந்தவன் “தப்பாப் போச்சு தங்கச்சி...” என்று தொடங்கினான். அவள் விட்ட அறையில் அவன் மூக்கு மறுபடி உடைந்தது.

ஆனால் யேசுரத்தினம் எழும்பவில்லை. “அப்ப யாரு?” என்று றோயின் காதுக்குள் கத்தினான். “யாருன்னு சொல்லுடா! யாரடா நான் வெட்டுறது?” கத்தி ஆடியது. ரொஷானி ஓடிப்போய்க் கழுத்துக்கும் கத்திக்கும் நடுவில் தன் கையை நுழைத்து, வெட்டுவாயோடு சேர்த்துப் பிடித்தாள். உள்ளங்கை எலும்புவரை பிளந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிடியை விட்டான். அவள் கத்தியைத் திருப்பி, மொண்ணைப் பக்கத்தால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் தடுக்கவில்லை.

“எந்திரி,” என்றாள். “நீதான லொறி ஓட்டுறவன். வேன எடு. எம் புருசன் செத்தா, போற வழியிலயே நீயும் செத்த.”

வேன் பதுளை ஆஸ்பத்திரிவரை நிற்காமல் ஓடியது. பின் சீட்டில் றோயின் தலை அவள் மடியில் கிடந்தது. துணி சுற்றிய கையால் அவள் பிடித்திருந்த கத்தியின் நுனி, முழுப் பாதையும் யேசுரத்தினத்தின் பிடரியைத் தொட்டபடியே இருந்தது. அவன் ஒருதரம்கூடத் தலையை நகர்த்தவில்லை.

ஆஸ்பத்திரியில், “எப்படி அடிபட்டது?” என்று கேட்டார்கள். ரொஷானி வாய் திறக்குமுன் யேசுரத்தினம் முன்னால் வந்தான். “ஆள்களக் கூட்டிப் போனவன் நான். கழுத்துல கத்தி வச்சவனும் நான்.” சொல்லிவிட்டு, பொலிஸ்காரர் வரும்வரை சுவரோரம் குந்தி, முதல்தரமாகப் பெண்சாதியின் பேரைச் சொல்லி அழுதான். அவளை அடித்த வண்டி எதுவென்று இன்றுவரை தெரியாது.

றோய் பிழைத்தான். வலது கை எலும்பு வளைந்தபடி கூடியதால் வேன் ஓட்ட முடியவில்லை. ரொஷானி லைசன்ஸ் எடுத்து அவளே பிள்ளைகளை ஏற்றுகிறாள். பக்கத்துச் சீட்டில் அவன். “மெதுவாடி, மெதுவாடி” என்று அவன் சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கின்றன.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் போன உடம்போடு திரும்பி வரட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் கை ஓங்குமுன் கேட்கட்டும், கேட்டுவிட்டே பேசட்டும். உங்கள் வீட்டுப் பெண்ணின் சொல் முதல் தரமே எல்லோர் காதிலும் ஏறட்டும். உங்கள் அடுப்பில் சோறு குறையாமல், உங்கள் கூரைக்குக் கீழே பேர்கள் குறையாமல், நல்லா இருங்கள்.