விமானி வீடு திரும்பிய பக்கம்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுபோக, சரிசெய்ய வந்த மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை வேலை பார்க்க, வாய் அதன் போக்கில் பேசிக்கொண்டிருந்தது. "எழுதுறதுன்னா எழுதிக்குங்க சார். ஆனா எங்க அக்கா படிப்பாங்க, பார்த்து எழுதுங்க" என்றார். அப்போது தலையாட்டிவிட்டேன். இப்போது முழிக்கிறேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: அக்கா இறந்த மறுநாள், மெக்கானிக் அந்தப் பழைய பத்திரிகையை—

[அடித்துவிட்டேன். அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். கதைக்குக் கனம் வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியைக் கொல்லக் கூடாது.]

2

மெக்கானிக்குக்கு ஏழாம் விமானி என்றால் உயிர். அவருடைய சின்ன வயதில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த விண்வெளி நாயகன் அவன். முன்னால் போன ஆறு விமானிகளும் திரும்பவில்லை; இவன் மட்டும் வாராவாரம் திரும்பி வந்தான். அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், வழி பார்த்திருக்க ஆளில்லாதவன். எல்லாக் கதைகளும் பின்னால் புத்தகமாக வந்தன. மெக்கானிக்குக்கு அவை தலைகீழ்ப் பாடம். விமானி விடைபெறும் கடைசிக் கதை மட்டும் மறுபடி அச்சாகவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அதை அக்கா வாசிக்கக் கேட்டதோடு சரி.

வாசகர் வட்டம் ஒன்று விமானிக்குச் சிறப்பு மலர் போட்டது. இவரும் கட்டுரை எழுதினார்*:

‘விமானி கடைசியில் வீடு திரும்புகிறான். கதவைத் திறப்பது அவன் அம்மா! "ஏண்டா இவ்வளவு நேரம்?" என்று திட்டுகிறாள். அநாதை என்று நாம் நம்பியவனுக்கு ஓர் அம்மா! இப்படி ஒரு திருப்பம் வேறெந்த விண்வெளிக் கதையிலும் இல்லை.’

(* அக்கா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். மெக்கானிக் கட்டுரையை முதலில் அவரிடம்தான் காட்டினார். "ஒற்றுப்பிழை மட்டும் திருத்தியிருக்கேன். விஷயத்துல கை வைக்கல" என்று திருப்பித் தந்தார்.)

3

மலரைத் தொகுத்த மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"அம்மா எங்கேருந்துங்க வந்தாங்க? என்கிட்ட அந்த இதழ் இருக்கு. தப்பிச்சு வர்றதுக்கு இருந்த ஒரே சீட்டைக் கூட வந்த பையனுக்குக் குடுத்துட்டு, விமானி அங்கேயே தங்கிடுறான். ரேடியோ நின்னுபோகுது. அவ்வளவுதான் கதை."

மெக்கானிக் கடைக்கே போய் இதழை இரவல் வாங்கிப் பார்த்தார். அவ்வளவுதான் கதை. அட்டையில் இருந்த தேதியையும் பார்த்தார். அக்கா, தம்பி இருவரின் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத வாரம் அது.

[இங்கே அக்காவின் பாசம் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாழ்த்து அட்டை மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

உண்மையில் மெக்கானிக்குக்கு முதலில் வந்தது கோபம்தான். பச்சைப் பிள்ளையிடம் சொன்ன பொய், போகட்டும். ஆனால் ஒற்று வரைக்கும் திருத்தியவர், "டேய், இது நான் சொன்ன கதைடா" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊர் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாரா?

"அச்சுக்குப் போகப்போகுது. மாத்தித் தர்றீங்களா, எடுத்துடவா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். மாற்றினால் அக்கா படிப்பார்; தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துபோகும். எடுத்தால், ஏன் என்று கேட்பார். அப்படியே விட்டால் அக்கா கொடுத்த அம்மா பிழைப்பாள், இவர் மானம் கப்பலேறும்.

4

முடிவு ஒன்று: அக்கா அழுகிறார், தம்பி கட்டிக்கொள்கிறார். (சினிமா.)

முடிவு இரண்டு: தம்பி சத்தமில்லாமல் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு— (எனக்கே கொட்டாவி வந்தது.)

நாயகனை வழியனுப்புவது எழுதியவரா, வாசித்துக் காட்டுபவரா என்று கொஞ்ச நாளாக எனக்கு ஒரு சந்தேகம். எழுதியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியது வாசிப்பவர்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் அந்த இதழை அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"கடைசிக் கதை, அக்கா. கிடைச்சிடுச்சு. வாசிச்சுக் காட்டேன்."

அக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தார் தம்பி. அக்காவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார், அச்சில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல். பையனுக்குச் சீட்டுக் கிடைத்தது. அவனை ஏற்றிக்கொண்டு கலம் கிளம்பியது. கடைசிப் பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குடா. உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே. நீயே சொல்லு."

[அந்த இதழை நானும் வாங்கிப் புரட்டினேன். எந்தப் பக்கமும் ஒட்டியிருக்கவில்லை.]

தம்பி வாயைத் திறந்தார்.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை; நீங்கள் சொல்லுங்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.