ஒன்பதாம் நிலையத்தில் மூன்று நிமிஷம்

வீட்டில் அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் "அந்தப் புதுப் பொண்ணு" என்பதோடு சரி. ரயில்வே தலைமை அலுவலகத்தின் நேர அட்டவணைப் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் வேலை நிரந்தரம். அதுவரை வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும் என்று அக்கா நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

சின்னவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில்தான். அக்காவின் கணவர் புறநகர்ப் பாதையில் ரயில் ஓட்டுநர். அதே பாதையின் அட்டவணைதான் சின்னவளின் மேஜையில் இருந்தது. அவள் காகிதத்தில் போடும் நேரத்துக்கு அத்தான் நிஜத்தில் ஓடவேண்டும். "உன் பேனா எழுதற வேகத்துக்கு என் வண்டி ஓடாதும்மா" என்று அவர் சொல்வதும், அக்கா இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பதும் அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டன.

பதினேழு நிலையங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அறுபத்திரண்டு நிமிஷம். அதைத்தான் பொதுமேலாளர் மாற்றச் சொன்னார். "ஒரு மணிக்குள்" என்று பெரிய எழுத்தில் சுவரொட்டி அடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். சுவரொட்டி முதலில் தயாராகிவிட்டது. நிமிஷங்களைக் கண்டுபிடிக்கும் வேலை சின்னவளின் தலையில் விழுந்தது.

அவள் எதையும் வரிசையாகச் செய்கிறவள். ஒரு நிலையத்தையும் விடாமல் வண்டி நிற்கும் நேரத்தை எழுதினாள். எல்லா இடத்திலும் அரை நிமிஷம். ஒன்பதாம் நிலையத்தில் மட்டும் மூன்று நிமிஷம். எழுதியதில்தான் பிழையோ என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். பிழை இல்லை. அது பெரிய நிலையமும் இல்லை, கிளைப் பாதை பிரியும் இடமும் இல்லை. ஒரு நடைமேடை, ஒரு கழிப்பறை, பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு. ஏன் மூன்று நிமிஷம் என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டாள்.

"நான் சேர்ந்தப்பவே அப்படித்தான்" என்றார் அவர்.

அவருக்கு முன்னால் சேர்ந்தவரும் அதையேதான் சொன்னார்.

ஒன்பதாம் நிலையத்திலிருந்து வண்டிகள் கிளம்பும் நேரம் தினமும் தலைமை அலுவலகத்துக்கு வரும். ஆறு மாதத்துத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வண்டிகள் நொடி பிசகாமல் கிளம்பியிருந்தன. இவ்வளவு ஒழுங்காக ஓடும் பாதையில் இரண்டரை நிமிஷம் சும்மா நிற்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. நின்றதை எடுத்துவிட்டால் ஐம்பத்தொன்பதரை. சுவரொட்டிக்குப் போதும்.

பிரிவுத் தலைவருக்கு 'ஆறப்போடு' என்று பட்டப்பெயர். எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் "ஆறப்போடும்மா" என்பார். இந்தக் குறிப்பை மட்டும் அவர் ஆறப்போடவில்லை. நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற எங்கயாவது வெட்டிப் பாத்தியா?"

"மத்த இடத்துல வெட்ட எதுவுமே இல்ல சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்று வீட்டில் சின்னவள் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். தான் கண்டுபிடித்ததைச் சொன்னாள். அத்தான் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவதுலதான் நான் தண்ணி குடிப்பேன். அதையும் புடுங்கிட்டியா?"

"ஒரு மணி நேரம் தண்ணி குடிக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா.

"எனக்கு ஆகாது. வண்டிக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்."

புது அட்டவணை ஒன்றாம் தேதி அமலுக்கு வந்தது. முதல் இரண்டு நாள் விடுமுறை, வண்டியில் கூட்டமில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் இரண்டு நிமிஷம் தாமதமாகக் கடைசி நிலையத்துக்கு வரும் வண்டிக்கு நடைமேடை காலியாக இருக்காது. சிக்னலுக்கு வெளியே நிற்கும். அது திரும்பக் கிளம்புவது இன்னும் தாமதமாகும். மதியத்துக்குள் பதினொரு நிமிஷம் ஆகிவிடும். நடைமேடையில் நிற்கிறவர்கள் "ஒரு மணிக்குள்" சுவரொட்டியில் பேனாவால் மீசை வரைந்தார்கள். யாரோ 'மணி'க்கு முன்னால் 'ஒரு'வை அடித்து 'இரண்டு' என்று எழுதியிருந்தார்.

ஓட்டுநர்களின் சங்கதி சிரிப்பதற்கில்லை. கடைசி நிலையத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வந்தால் ஓட்டுநருக்கு விளக்கம் கேட்டுச் சீட்டு வரும். சிக்னல் பழுது, கதவுப் பழுது என்றால் ஏற்றுக்கொள்வார்கள். கூட்டம் என்றால் ஏற்கமாட்டார்கள், கூட்டம் எப்போதும் உள்ளதுதானே என்பார்கள். ஒரே மாதத்தில் மூன்று சீட்டு வந்தால் விசாரணை. விசாரணைக்குப் போனவர்கள் பெரும்பாலும் யார்டுக்குத்தான் போனார்கள். யார்டு என்றால் காலிப் பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளிவிடும் வேலை. பயணிகளை ஏற்றி ஓட்டியவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

அத்தானுக்குப் பதினைந்தாம் தேதிக்குள் இரண்டு சீட்டு. இருபத்தொன்றாம் தேதி மாலை சட்டைப் பையிலிருந்து மூன்றாவதை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் உப்பு டப்பாவை வைத்தார், காற்றில் பறந்துவிடக்கூடாதாம்.

"வர்ற வியாழக்கிழமை விசாரணை."

அக்கா சீட்டை எடுத்துப் படித்தாள். "கொஞ்சம் வேகமா ஓட்டக்கூடாதாங்க?"

"ஓட்டலாமே. முன்னாடி போற வண்டிய இடிச்சுத் தள்ளிட்டு ஓட்டலாம்."

"அதுக்கில்ல..."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சீட்டு வந்ததில்ல எனக்கு. இப்ப மூணு வாரத்துல மூணு. எனக்குத் திடீர்னு ஓட்டத் தெரியாம போச்சு போல."

சின்னவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கணக்கு சரியாகத்தானே போட்டேன் என்று ஒரு மனம் சொன்னது, போட்டதே தப்புக் கணக்காக இருக்கும் என்று இன்னொரு மனம் சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல் மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் நிலையத்தில் போய் நின்றாள்.

நிலைய அதிகாரி ஒரு பெண்மணி. அறைக்குள் தொட்டிச் செடி வைத்திருந்தார். சின்னவள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டார். வண்டிகள் வந்து சேரும் நேரத்துக்கான புத்தகம். கிளம்பும் நேரத்தை மட்டுமே தலைமை அலுவலகம் கேட்டு வாங்கும். வந்து சேரும் நேரம் இங்கேயே எழுதப்பட்டு இங்கேயே கிடக்கும்.

சின்னவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம். ஒவ்வொரு காலை வண்டியும் இரண்டு நிமிஷம் தாமதமாகவே வந்திருந்தது. முதல் எட்டு நிலையங்களில் கூட்டத்தால் பத்து விநாடி, இருபது விநாடி என்று போனதெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. நின்ற மூன்று நிமிஷத்தில் அது கரைந்துபோய், வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அவள் தாளில் பார்த்த தொண்ணூற்றேழு இப்படி வந்ததுதான்.

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலையா மேடம்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அதிகாரி. செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். "ஃபோன் பண்ணியிருந்தாகூடச் சொல்லியிருப்பேன்."

அன்று மதியமே சின்னவள் அலுவலகத்துக்குத் திரும்பி, கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்குப் போனாள். தனக்கு முன்னால் இதை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாதை தொடங்கிய நாளிலிருந்து எல்லா அட்டவணைகளும் அங்கே கட்டுப்போட்டு வைக்கப்பட்டிருந்தன. ஆதியில் அது கல்குவாரிக்குப் போட்ட ஒற்றைத் தண்டவாளம். ஜல்லி ஏற்றிப் போன வண்டியின் பின்னால் குவாரி ஆட்களுக்காக ஒரு பெட்டி சேர்த்தார்கள். பெட்டி இரண்டாயிற்று, ஆறாயிற்று. குவாரி மூடியபோது ஜல்லி நின்றது, ஆட்கள் நிற்கவில்லை. பாதையோரம் வீடுகள் வந்துவிட்டிருந்தன.

பழைய அட்டவணைகளில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. கணினிக்கு மாற்றியபோது தாளின் அகலம் போதாமல் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் தொகுதியில் ஒன்பதாம் நிலையத்துக்கு நேரே 'எஞ்சினுக்குத் தண்ணீர்' என்று இருந்தது. சரிதான், நீராவிக் காலம். டீசல் வந்த வருஷம் மூன்று நிமிஷத்தை எடுத்திருந்தார்கள். ஏழு வாரம் கழித்து ஒரு திருத்தத் தாள்: மறுபடி மூன்று நிமிஷம், 'எதிர் வண்டிக்கு வழிவிட.' சின்னவள் தேதியை ஒப்பிட்டாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே இரட்டைத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. எதிர் வண்டிக்கு வழிவிட அங்கே வேலையே இல்லை.

பதினாறு வருஷம் கழித்து ஒருவர் அதைக் கண்டுபிடித்து வெட்டியிருந்தார். ஒன்பது வாரத்தில் திரும்ப வந்தது, 'தபால் பைகள் ஏற்ற' என்று. தபால் அப்போது லாரியில் போய்க்கொண்டிருந்தது. மின்சார வண்டிகள் வந்ததும் மறுபடி வெட்டு, மறுபடி திருத்தத் தாள். இந்தத் தடவை 'பள்ளிப் பிள்ளைகளின் வசதிக்காக.' கீழே இருந்த சுருக்கொப்பம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. தினமும் தன் கோப்புகளில் பார்ப்பது.

அவள் அடுத்து மாடிக்கு, பணியாளர் பிரிவுக்குப் போனாள். அந்த மூன்று காலத்துக்கும் தண்டனைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். ஏழு வாரத்தில் நான்கு ஓட்டுநர்கள் யார்டுக்கு. ஒன்பது வாரத்தில் ஐந்து பேர். கடைசித் தடவை இரண்டு. நிமிஷங்கள் திரும்ப வந்தன, ஆட்கள் திரும்பவில்லை. அட்டவணையில்தான் தப்பு என்று யாரும் எழுதித் தராததால் சீட்டுகளை ரத்து செய்ய வழியில்லாமல் போயிருந்தது.

ஆறப்போடு அவள் வைத்த திருத்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் சுருக்கொப்பம் வந்ததும் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"மூணு நிமிஷம் திரும்ப வேணும், அவ்வளவுதானே? 'முதியோர் வசதிக்காக'ன்னு எழுது. அத யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. திங்கட்கிழமையே போட்டுடலாம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமே சார்."

"மேலிடத்துல ஒரு மணிக்குள்னு முடிவு பண்ணியாச்சு. நான் முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா போன தடவை என்ன ஆச்சுன்னு கேப்பாங்க." அவர் குரலில் கோபமெல்லாம் இல்லை. "உனக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. உன் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா நிரந்தரம் பண்ணமாட்டாங்க. யோசிச்சுக்கோ."

"விசாரணைக்குப் போறவங்க?"

"அது பணியாளர் பிரிவும்மா."

சின்னவள் இருக்கைக்குத் திரும்பி ஒரு தாளை எடுத்தாள். முதலில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். மழை பெய்துவிட்டது என்பதைப்போல இருந்தது. கிழித்துப் போட்டாள். 'பிரிவு தவறாகக் கணித்தது' என்று இரண்டாவது தாள். அதில் பக்கத்து மேஜைக்காரரும் மாட்டிக்கொள்வார், அவர் ஒரு பாவமும் அறியாதவர். மூன்றாவது தாளில், ஒன்பதாம் நிலையத்தில் வண்டிகள் வந்து சேரும் நேரத்தைப் பார்க்காமல் நான் நேரத்தைக் குறைத்தேன், ஒன்றாம் தேதி முதலான தாமதத்துக்கு அதுவே காரணம், ஓட்டுநர்கள் பொறுப்பல்ல என்று எழுதினாள். பெயரையும் பதவியையும் போட்டாள். அத்தான் வேலைக்காகவா எழுதுகிறோம், மற்றவர்களுக்காகவுமா என்று யோசித்தாள். அத்தான் இல்லாவிட்டால் 'முதியோர் வசதிக்காக' என்றுதான் எழுதியிருப்போமோ என்ற சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் தீரட்டும் என்று காத்திருந்தால் வியாழக்கிழமை வந்துவிடும். ஒரு நகலைத் தலைவரிடமும் ஒரு நகலைப் பணியாளர் பிரிவிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அந்த மாதம் கொடுத்த சீட்டுகள் மொத்தமாக ரத்து. மூன்று நிமிஷம் அடுத்த வாரத்திலிருந்து திரும்ப வரும் என்று ஆணை. சின்னவளுக்குத் தனியாக ஓர் உறை வந்தது: நிரந்தரமாக்குவது ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது.

மாலையில் அக்கா அந்த உறையை இரண்டு தடவை படித்தாள்.

"உன் பேரப் போடச் சொல்லி யாருடி சொன்னது? பொதுவா எழுதியிருக்கக்கூடாதா?"

"பொதுவா எழுதித்தான் மூணு தடவை பதினோரு பேரு போயிருக்காங்க அக்கா."

"அவங்க கதை எனக்கு எதுக்கு? உன் ஒரு வருஷம் போச்சே."

"அவ பேரப் போடாம வேற யார் பேரப் போடறது?" என்றார் அத்தான். "என் பேரப் போட்டுதான் மூணு சீட்டு குடுத்தாங்களே."

அக்கா உறையை மடித்து அலமாரியில் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அத்தான் தலையை நிமிர்த்தி, அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சின்னவளை நேராகப் பார்த்தார்.

"ஒரு வருஷம்னா எந்த மாசம் வரைக்கும்?"

அவள் சொன்னாள்.

"சரி. அதுவரைக்கும் வேற எதையும் வெட்டாத."