மறுபக்கத்துத் தண்ணி

நிலா இந்தப் பக்கம் இருக்கு, கடலை இழுக்குது, தண்ணி உயருது. சரி, ஒத்துக்கிறேன். அதே நேரத்துல பூமியோட முதுகுப் பக்கமும் தண்ணி உயருதே, அங்க யாரு இழுக்கிறா?

என் பாடப்புத்தகத்துல இதுக்கு ஒரே வரி. ‘பூமி சுழல்வதால் உண்டாகும் மையவிலக்கு விசையால் மறுபுறமும் நீர் உயர்கிறது.’ அவ்வளவுதான், அடுத்த வரியில வேற பாடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்.

மையவிலக்கு விசையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல உதவியாளர். ரத்தம் நிரப்பின குழாய்களை மெஷின்ல அடுக்கிச் சுத்த விடுறதே என் பொழப்பு. சுத்தினா எல்லாக் குழாயிலயும் கனமானது வெளிப்பக்கம்தான் ஒதுங்கும். ஒரு குழாய்க்கு ஒண்ணு, எதிர்க் குழாய்க்கு ஒண்ணுன்னு ஓரவஞ்சனை கிடையாது. பூமி சுத்துறதால தண்ணி உயர்ந்தா, சுத்திவர உயரணும். அது என்ன, நிலாவுக்கு நேர் எதிர்ல மட்டும்?

இது வீம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை. தபால்வழிப் பட்டப்படிப்புல இயற்பியல் வாய்மொழித் தேர்வு ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இந்தத் தடவை தேறினா டெக்னீஷியன் வேலை, ரிப்போர்ட்ல என் கையெழுத்து. இல்லைன்னா அந்த வேலை எனக்குப் பின்னாடி சேர்ந்த பொண்ணுக்குப் போயிடும். முதலாளியம்மா முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க.

“மனப்பாடம் பண்ணிட்டுப் போயேன். ஊரோட ஒத்துப் போ,” என்றார் வீட்டுக்காரர்.

“ஊரு தப்பா எழுதி வச்சிருந்தா?”

“ஆமா, நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சே.”

யூடியூப்ல தேடினேன். அங்கேயும் ஒருத்தர் அதே வரியை, பின்னாடி இசை போட்டுப் படிச்சார். போங்கடான்னு மூடிட்டு நானே கணக்குல இறங்கினேன். தூரம் கூடக் கூட இழுவை குறையும். நிலாவுக்குக் கிட்ட இருக்கிற தண்ணிக்கு அதிக இழுவை, பூமியோட நடுவுக்குக் கொஞ்சம் கம்மி, முதுகுப் பக்கத்துத் தண்ணிக்கு எல்லாத்தையும் விடக் கம்மி. கணக்கு வந்துடுச்சு, ஆனா கண்ணுக்குள்ள வரலை. கம்மியா இழுத்தா அது ஏன் உயரணும்?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே மாடி வராந்தாவுல வரிசையா நிறுத்தினேன். நிலாப் பக்கத்துக் கடலா முன்னாடி மகள், பூமியா நடுவுல வீட்டுக்காரர், கடைசியில மாமியார்.

“நான் யாரு?” என்றார் மாமியார்.

“நீங்க பின்பக்கத்துக் கடல், அத்தை. மெதுவா நடங்க.”

“வேற எப்படி நடப்பேன், இந்த முழங்காலை வச்சுக்கிட்டு?”

மூணு பேரும் ஒரே திசையில நடந்தாங்க. மகள் விறுவிறுன்னு போனா. நடுவுல போனவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, பின்னாடியே போறீங்க?”

“நான் எங்கடா பின்னாடி போனேன்? நீதான் என்னை விட்டுட்டுப் போறே.”

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. மறுபக்கத்துத் தண்ணியை யாரும் தள்ளலை. பூமியை நிலா அதை விட வேகமா இழுக்குது, தண்ணி பின்தங்குது. பூமியில நின்னு பார்க்கிற நமக்கு அது உயர்ந்த மாதிரி தெரியுது. அத்தையைக் கட்டிப் பிடிச்சேன். “பைத்தியம் பிடிச்சிருச்சா இவளுக்கு?” என்று மகனைப் பார்த்தார்.

தேர்வு அன்னைக்குத் தேர்வாளர் அந்த மறுபக்கத்துத் தண்ணியைப் பத்தியேதான் கேட்டார். வராந்தாக் கதையை விட்டுட்டுக் கணக்கோட சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு கையில இருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார்.

“மையவிலக்கு விசைன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா.”

“அது காரணம் இல்லை சார். அப்படின்னா சுத்திவர உயரணும்.”

அவர் அந்தக் குறிப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நல்ல மனுஷர்தான்.

“எனக்குக் கொடுத்த விடையில அதுதான் இருக்கு. அந்த ஒரு வரியைச் சொல்லிடுங்க, பாஸ் போட்டுடறேன்.”

அந்த வரி நாக்கு நுனியில இருந்தது. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கண்ணு முன்னாடி வந்துச்சு. இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்லி வாங்கின கையெழுத்தை எந்த நோயாளி நம்புவான்?

“சொல்ல மாட்டேன் சார். தப்பு.”

அவர் பேனாவை எடுத்தார்.

வெளியில வீட்டுக்காரர் வண்டியோட நின்னார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டார்.

“போச்சா?”

“போச்சு.”

“மூணாவது தடவை,” என்றார், எனக்கு வலிக்கக் கூடாதேன்னு மெதுவா.

“முதல் ரெண்டு தடவை பதில் தெரியாம தோத்தேன். இன்னைக்குத் தெரிஞ்சு தோத்திருக்கேன். வண்டியை எடுங்க, அடுத்த தேர்வுக்கும் வருவேன்.”