பாதி வசனம்

"என் அக்கா இராசாத்தி இனி விடுதியில் என் அறையில் என்னோடு இருப்பாள். அதற்குக் கமிட்டி அனுமதி தர வேண்டும்."

நான் இதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் மேசையையே பார்த்தார்கள்.

கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லி வைத்த ஒன்று இதுதான். "மிஷன்ட சோத்தத் திண்டு படிச்ச நீ. வேற என்னத்தையும் கேள், அக்காவ மட்டும் கேட்டிராத" என்று சாகக் கிடந்தபோதும் சொன்னாள். தோணிக்காரன் கோணாமலையின் மகள் லண்டன் பி.ஏ. பாஸ் பண்ணி மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறாள் என்றால் அது யார் போட்ட சோறு என்பது மட்டக்களப்பு முழுக்கத் தெரியும். நான் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள்.

அக்கா ஒன்பது வருடமாக வாவி நடுவே, குஷ்டரோகிகளுக்கென்று ஒதுக்கிய தீவில் இருக்கிறாள். நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய கடிதம் போதகர் அருமைநாயகத்தின் முன்னால் கிடந்தது. அதை டாக்டர் பட்டணத்துக் கந்தோரில், தன் அலுவலக மேசையில் இருந்து எழுதினார். தீவுக்கும் அந்தக் கடதாசிக்கும் சம்பந்தமில்லை, தொற்றும் என்று பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இரத்தினம்மா அக்கா முதலில் வாய் திறந்தார். "பி.ஏ. படிச்சா நோய் தொத்தாதெண்டு ஆரு புள்ள சொன்ன?"

"பி.ஏ. சொல்லல்ல. டாக்டர் சொன்ன."

"டாக்டர்ட வீட்டுல வச்சிருக்கச் சொல்லன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனுசன். அதனால்தான் எனக்கு அவர்மீது கூடுதல் கோபம்.

"மிஸ் கோணாமலை," என்றார், "உங்கட அக்காவின்ர சாட்சி எங்களுக்குப் பெரிய ஆசீர்வாதம். ஆண்டுக் கூட்டத்தில நீங்கள் அதைச் சொல்ல வேணும். வேதத்தைத் தியானிச்சுச் சுகமான ஒரு பிள்ளை எங்கட சபையில இருக்கிறாவென்றால்..."

அந்தச் சாட்சியின் கதை அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதும் தெரிந்தவர்கள் மூன்று பேர். அக்கா, நான், காத்தான்குடித் தோணிக்காரர் கச்சி முகம்மது.

தீவுக்குப் போன கடதாசி எதுவும் திரும்பி வரக்கூடாது என்பது சட்டம். அங்கே வேதப்புத்தகம் ஒன்று இருந்தது. அக்காவின் விரல்கள் மரத்துப்போனதால் அவளால் தாள் புரட்ட முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், வாசிப்பும் மெதுவாகத்தான் வரும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வசனத்தைப் பெரிய எழுத்தில் துண்டில் எழுதிக் கொடுப்பேன். சனிக்கிழமை அரிசி மூட்டைகளோடு அதைக் கச்சி முகம்மது கொண்டுபோவார். அவள் பதில் கடதாசியில் வரமுடியாது, அவர் வாயில் வரும். "ஒங்கட வேதத்தையெல்லாம் என்ட வாயால சொல்ல வைக்கிறயள். பள்ளிவாசல் லெப்பை கேட்டா என்ன மகள் சொல்ற?" என்று துறையில் நின்று சத்தம் போட்டுவிட்டு, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லுவார்.

ஒரு வசனம் அவளுக்கு ஏழு நாளைக்குப் போதும். தண்ணீர் அள்ளும்போது அது, புண் கழுவும்போது அது. "எருமை தண்ணிக்குள்ள கிடந்து இரைமீட்கிற மாதிரி" என்று சொல்லி அனுப்பினாள். அப்போது எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் அவள் மூன்று வருடமாக ஊசி போட மறுத்துக்கொண்டிருந்தாள். நீரடிமுத்து எண்ணெய் ஊசி, போட்ட இடம் இரண்டு நாள் நெருப்பாக எரியும். ஊசிக்குப் பயந்தவள் வசனம் மென்று என்ன பயன் என்று கடுப்போடுதான் எழுதினேன்.

என் கடைசிப் பரீட்சைக்கு முந்திய வாரம். குளக்கரையில் முப்பத்தெட்டு வருடம் படுத்துக் கிடந்த நோயாளியின் பகுதியை எழுதத் தொடங்கினேன். சுகமாக உனக்கு விருப்பமா என்று இயேசு அவனைக் கேட்கிறார். அந்தக் கேள்வியை எழுதி முடித்தபோது துறையிலிருந்து கச்சி முகம்மது கூப்பிட்டுவிட்டார். மிச்சத்தை அடுத்த வாரம் எழுதலாம் என்று பாதியைக் கொடுத்தேன்.

அவர் அதைத் தீவில் சேர்த்த சனிக்கிழமை இரவே வாடை மழை தொடங்கியது. வாவி பெருகி வீதிக்கு வந்தது. நான்கு சனிக்கிழமை தோணி ஓடவில்லை.

ஐந்தாவது சனி, படுத்துக் கிடந்தவன் எழுந்து நடந்தான் என்ற மிச்சப் பகுதியை மன்னிப்போடு கொடுத்தனுப்பினேன். கச்சி முகம்மது திரும்பி வந்து வழக்கம்போல் சத்தம் போடவில்லை. கரையில் குந்தி இருந்து சொன்னார்.

"துண்ட வாங்கல்ல மகள். மிச்சம் வேணாமாம். 'முழுக்க அனுப்பியிருந்தா அவன் எழும்பிப் போனதப் பாத்துட்டு நான் சும்மா இருந்திருப்பன். கேள்விய மட்டும் அனுப்பிப்போட்டாய், நான்தான் பதில் சொல்ல வேண்டி வந்த' எண்டு சொல்லச் சொன்னா."

"என்ன பதிலாம்?"

"ரெண்டு கிழமையா 'விருப்பமில்ல' எண்டுதானாம் வந்த. 'நான் சுகமானா அப்பாவ என்னெண்டு கோவிக்கிற?' எண்டு கேட்டா. அதச் சொல்லக்குள்ள என்ட கண்ணும் கலங்கிற்று."

அப்பா தானே தோணி வலித்து அவளைத் தீவில் இறக்கிவிட்டு, கிறுகிப் பார்க்காமல் வந்தவர். அந்த முதுகை மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் நோய் அவருக்குத் தண்டனை என்று வைத்திருந்திருக்கிறாள். இதைப் போதகர் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. வெள்ளத்துக்குள் தனியே இருந்து அந்த ஒரு கேள்வியை மென்று மென்று தன்னிடமிருந்தே பிடுங்கி எடுத்தாள். என் பரீட்சை எதிலும் அப்படி ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதியதில்லை.

மூன்றாவது வாரம், விருப்பம் என்று சொன்னாளாம். அன்றே தீவு ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கை நீட்டினாள். ஆறு வருடம் நீட்டினாள். எரியும்போதெல்லாம் அந்தக் கேள்வியையே சொல்லுவாளாம். அப்பாவுக்கு "கோவமில்ல" என்று ஒரு சொல் வந்தது. அதைக் கேட்டபின் அவர் இரண்டு மாதம் உயிரோடு இருந்தார்.

"சாட்சி சொல்லுறன்," என்றேன் போதகரிடம். "அக்காவே வந்து சொல்லுவா. ஆனா சொல்லி முடிய எங்க போய்ப் படுக்கிற?"

"தீவில வசதியாய்த்தானே..."

"ஐயா, அக்காவுக்கு என்ன விருப்பமெண்டு தெரியுமா? குசினிக்குள்ள நிண்டு மீன் ஆய வேணுமாம். ஆஞ்ச மீன நாங்க திங்க வேணுமாம். அவ்வளவுதான் கேட்டா."

இரத்தினம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். போதகர் கடிதத்தைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது.

"கமிட்டி ஆலோசிக்கும்," என்றார். "நீங்கள் அவசரப்படாதீங்க. உங்கட எதிர்காலத்தையும் யோசிக்க வேணும். இவ்வளவு படிச்ச பிள்ளை."

"யோசிச்சுத்தான் வந்த நான்."

திங்கட்கிழமையே எழுதி வைத்திருந்த இராஜினாமாக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து டாக்டரின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆரையம்பதிக்கு அப்பால் அப்பாவின் வளவில் குடிசைக்குப் புதுக் கிடுகு போட்டாயிற்று. கச்சி முகம்மதுவும் நானுமாகப் போட்டோம். அடுப்புக்குப் பக்கத்தில் மீன் ஆய ஒரு பலகையும் அறைந்திருக்கிறோம், விரல் மரத்தவள் கத்தியைப் பிடிக்கத் தோதாக விளிம்பு உயர்த்தி. அவர்கள் ஓம் என்றிருந்தால் சந்தோசம். இல்லை என்றாலும் அக்கா இன்று வருகிறாள்.

"மிஸ் கோணாமலை, ஜெபம் பண்ணி முடிச்சிட்டுப் போகலாமே," என்றார் போதகர்.

"நீங்க பண்ணுங்க ஐயா. தோணி நிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.