நடுக்கடலில் அண்ணன்

போலீஸ் கிழித்தது போதும் என்று, காணாமல் போனவர்களைத் தேட நானே ஓர் இணையதளம் கட்டினேன். தளத்தைத் தாங்கும் ஃப்ரேம்வொர்க்கில், விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தள அடுக்கோடு பெயர்த் தேடலையும் வரைபடத்தையும் இணைத்ததும், முதலில் தொலைந்துபோன என் அண்ணன் பெயரைத் தட்டினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நடுக்கடலில் ஒரு சிவப்புப் புள்ளி!

பின்னால் நின்ற அம்மா பதறினாள். "ஐயோ, கடல்லயா இருக்கான்?"

"இல்லம்மா. இடம் தெரியாதவங்களுக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டுக்கும் சைபர், சைபர்னு போட்டுத் தொலைச்சிருக்கேன். வரைபடத்துல அது கடல்ல விழுது."

என் மடத்தனத்தைத் திட்டிக்கொண்டே திருத்தினேன். மறுபடி தேடினேன். பெயர் வந்தது, புள்ளி இல்லை.

அம்மா வெறும் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழையபடியே வச்சிடுடா," என்றாள். "அங்கயாவது இருந்தான்ல."