மணவாளன் பேரில் போட்ட துண்டு

வித்யா தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு கடைகளின் கவுண்டர்ப் பெண்களையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே மாறாதுங்க. எப்பவும் எப்படி ஆர்டர் போடுவீங்களோ அப்படியே போடுங்க, போதும்" என்று சொன்னது அவள்தான். அவர்களும் சொன்ன சொல் தட்டாமல் எப்போதும் போலவே போட்டார்கள். அதில்தான் வந்தது வினை.

அலமேலு பேக்கரிக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கிச்சன். கடைகள் கொரட்டூர், ஆவடி, சேக்காடு, வானகரம், பூந்தமல்லி என்று பரவிக் கிடந்தன. ஆறாவது கடை கிச்சனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே. எந்தக் கடையில் பிறந்தநாள் கேக் ஆர்டர் போட்டாலும் அது கிச்சன் ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரில் போய்ப் பதிவாகும். ஆனால் கிச்சனுக்கு அது தெரியாது. இரவு எட்டு மணிக்கு அன்றைய ஆர்டர்கள் மொத்தமாக ஒரு தாளில் அச்சாகி வரும். அதைப் பார்த்து மறுநாளைக்கு எத்தனை கேக்குக்கு மாவு கலப்பது என்று மாஸ்டர் அமல்ராஜ் முடிவு செய்வார். நடுவில் யாராவது ஓடிவந்து அவசரமாகக் கேக் கேட்டால் கடையிலிருந்து போன் வரும். ஒரு கையில் கிரீம் கோன், மறு கையில் போன் என்று நின்று நின்று அமல்ராஜ் மூன்று போன்களைக் கிரீமிலேயே குளிப்பாட்டிக் கொன்றிருந்தார்.

இதைச் சரிசெய்யத்தான் வித்யா வந்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் இந்த மாதிரி வேலையைத்தான் அவள் எட்டு வருடம் செய்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வானகரத்து வீட்டில் பிள்ளை தூங்கிய முகத்தையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் வேலையை உதறிவிட்டாள். வீட்டிலிருந்தபடி தனியாகத் தொழில் தொடங்கி அவளுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அலமேலு பேக்கரி.

அவள் செய்ததைச் சொன்னால் எளிதாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஓர் ஆர்டர் புதிதாக ஏறினாலும், திருத்தினாலும், அழித்தாலும், அந்த மாற்றம் அந்த நொடியே இணையத்தில் இருக்கும் கிளவுடுக்குப் போகும். அங்கிருந்து கிச்சன் சுவரில் மாட்டிய டிவிக்கு வரும். கடையின் பெயர், கேக்கில் எழுத வேண்டிய பெயர், எத்தனை கிலோ, எல்லாம் அதில் இருக்கும். இரவில் ஒருதரம் குடத்தில் மொண்டு வந்த தண்ணீருக்கு நாள் முழுக்கக் குழாய் போட்டது மாதிரி.

முதலாளி மணவாளன் டிவியை மேலும் கீழும் பார்த்தார். அவர் சிரித்து அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஓடட்டும்மா. சாயங்காலம் வந்து பார்ப்பேன். ஒழுங்கா ஓடுச்சுன்னா ஆறு கடைக்கும் நீதான். கோளாறு பண்ணுச்சுன்னா டிவிய கழட்டிடுவேன், பழையபடி எட்டு மணித் தாளு" என்றார்.

வித்யாவுக்கு அது வெறும் டிவி இல்லை. அதைக் கழற்றினால், பழைய மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், திரும்ப வரலாமா?" என்று கேட்க வேண்டும். மறுபடியும் அந்த நான்கு மணி நேரம். நினைக்கும்போதே அவளுக்கு முதுகு வலித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றுகூடத் தங்கவில்லை, ஒன்றுகூடத் தவறவில்லை. வித்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காபி போட்டு, பால்கனியில் உட்கார்ந்து, பைபாஸில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் குடித்தாள். இந்த நேரத்தில் தான் அந்த வண்டிகளில் ஒன்றில் இல்லை என்பதே அவளுக்குப் பாதி சம்பளம். அவள் பார்த்ததெல்லாம் தண்ணீர் வருகிறதா என்றுதான். என்ன தண்ணீர் வருகிறது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலாளிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அவள் எஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போனாள். கிச்சன் கதவைத் திறந்ததும் வெனிலா வாசனை முகத்தில் அடித்தது. நீள மேஜை முழுக்கக் கேக். மேஜை போதாமல் தட்டு வண்டிகளிலும் கேக். முதல் கேக்கில் 'ஹேப்பி பர்த்டே மணவாளன்' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கேக்கிலும் அதேதான். அதற்கு அடுத்ததிலும். முப்பதுக்குக் குறையாது.

அமல்ராஜ் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"இன்னா மேடம், மொதலாளிக்குப் பொறந்தநாளுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க டிவி சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. காலையிலருந்து எல்லா பிராஞ்சும் போட்டுகினே கீறாங்க. நானும் நம்ம மொதலாளிக்காச்சேன்னு ரோஜாப்பூ எக்ஸ்ட்ரா வெச்சு உட்டுட்டேன்."

வித்யாவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஒரே ஆர்டர் கிளவுடிலிருந்து திரும்பத் திரும்ப வந்துவிட்டதா? இந்த மாதிரி வேலையில் அப்படி நடப்பதுண்டு. அங்கேயே ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி ஆர்டர். சேக்காட்டில் ஐந்து, ஆவடியில் ஆறு, பூந்தமல்லியில் ஏழு என்று ஆறு கடைகளிலிருந்தும் வந்தவை. அவளுடைய குழாயில் ஓட்டை ஏதும் இல்லை. அப்படியானால் நிஜமாகவே பிறந்தநாளா? கவுண்டர்ப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களா?

அவள் யோசித்து முடிப்பதற்குள் மணவாளன் உள்ளே வந்துவிட்டார்.

மேஜையைப் பார்த்தார். குனிந்து ஒரு கேக்கைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததைப் படித்தார். அமல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு சொன்னா எனக்குப் பொறந்தநாளுன்னு?"

"எல்லா பிராஞ்சும்தான் மொதலாளி. டிவியில பாருங்க, வரிசையா உங்க பேருதான்."

மணவாளன் டிவியைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கே தெரியாதுடா அமலு, என்னைக்குப் பொறந்தேன்னு. எங்க ஆத்தா 'பெருமழை அன்னைக்கு'ன்னு சொல்லுவா, அவ்ளோதான். ஸ்கூல்ல சேர்க்கறப்போ வாத்தியாரு ஜூன் மாசம்னு ஒண்ணு எழுதி உட்டாரு. அத்தப் போய் யாரு கொண்டாடறது?" என்றார். "இந்தப் புள்ளைங்களுக்கு எப்டித் தோணுச்சு பாரேன்."

அமல்ராஜ் மூக்கை உறிஞ்சினார். முதலாளி சிரிக்கக்கூடச் செய்தார். பழக்கமில்லாததால் அது பாதியில் நின்றது. வித்யாவுக்கு அந்தப் பெரிய மனிதரைப் பார்க்க மனசு நிறைந்துபோயிற்று. தன் வேலை பிழைத்தது என்ற நிம்மதியும் அதில் கலந்திருந்தது.

அப்போதுதான் டிவியில் ஒரு வரி காணாமல் போயிற்று.

'சேக்காடு, மணவாளன், ஒரு கிலோ' என்று இருந்த வரி. இருந்த இடம் தெரியாமல் போய், கீழே இருந்தது மேலே ஏறிக்கொண்டது. பிறகு சேக்காட்டில் இன்னொன்று போயிற்று. அப்புறம் ஆவடியில் மூன்று ஒரே மூச்சில். பூந்தமல்லியும் சேர்ந்துகொண்டது. சுவரில் வரிசையாக நின்ற மணவாளன்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். அதை மணவாளன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? உன் மெஷினு எம்பேரத் துன்னுது?"

வித்யா யோசித்தாள். டிவியில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதரின் சந்தோஷம் அப்படியே இருக்கும், கடைப் பெண்களுக்கும் ஒன்றும் வராது. அவள் பிழைப்பு மட்டும் போய்விடும். டிவி சரியாகத்தான் காட்டுகிறது என்றால் பிழைப்பு நிற்கும், கிழவர் மனசு உடையும். இப்படி ஒரு இக்கட்டு எதிரிக்கும் வரக் கூடாது. ஆனால் அந்தக் குழாயை ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டவள் அவள். அதன்மேல் பொய்ப்பழி போட அவளால் முடியவில்லை.

"மெஷின்ல தப்பு இல்லைங்க சார். நிஜமாவே அவங்கதான் அழிக்கிறாங்க."

"எதுக்கு?"

"தெரியலைங்க."

மணவாளன் டிவியையே பார்த்தார். அதற்குள் மற்ற கடைகள் எல்லாம் துடைத்துவிட்டிருந்தன. அவர் பெயரில் ஒரே ஒரு வரிதான் பாக்கி. கொரட்டூர்.

"கொரட்டூர்ல யாரு, வசந்தகுமாரியா? போன் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றார். சொல்லிவிட்டு, தான் இருப்பதைச் சொல்லக் கூடாது என்று வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

மணி அடித்தது. வசந்தகுமாரி எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"ஏங்க, எல்லாரும் மணவாளன் பேர்ல கேக் போட்டுட்டு இப்ப அழிக்கறீங்களே, என்னங்க அது?"

"அதுவா? அது துண்டு மேடம்."

"துண்டா?"

"பஸ்ஸுல ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போட்டுப் புடிப்போம்ல, அத்த மாதிரி. கிச்சன்ல கேக்கு இத்தினிதான் கீதுன்னு காலையில கம்ப்யூட்டர்ல காட்டும். யாரு மொதல்ல போடறாங்களோ அவங்களுக்குத்தான். சாயங்காலம் ஒரு ஆளு 'எம்பொண்ணுக்கு இன்னைக்குப் பர்த்டே, மறந்தே போய்ட்டேன்'னு ஓடியாருவாரு, அவரண்ட இல்லன்னு சொல்ல முடியுமா? அதான் காலையிலயே ஆளுக்கு அஞ்சாறு புடிச்சு வெச்சிக்குவோம். ஆளு வந்தா பேர மாத்துவோம். வரலன்னா எட்டு மணித் தாளு வர்றதுக்குள்ள எடுத்துடுவோம். நீங்கதான எப்பவும் போடறாப்லியே போடச் சொன்னீங்க?"

வித்யா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முதலாளியைக் கேட்டிருந்தாள், மாஸ்டரைக் கேட்டிருந்தாள். கவுண்டரில் நாள் முழுக்க நிற்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதுக்கு ஏங்க முதலாளி பேரு?"

"சும்மா ஒரு பேரு போட்டா பக்கத்து பிராஞ்ச்காரி போன் போட்டு 'அந்தக் கேக்க எங்களுக்கு உடுடி'ன்னு கேப்பா. மொதலாளி பேருன்னா எவ கேப்பா? அந்த மூஞ்சிய நெனச்சாலே பயந்துக்குவாளுங்க."

அமல்ராஜ் கூரையைப் பார்த்தார். மணவாளன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முழங்கால்மேல் இருந்த கை மட்டும் சுருண்டுகொண்டது. வித்யாவுக்கு அந்தப் போனை அணைத்துவிடலாமா என்றிருந்தது.

"சரிங்க. எல்லாரும் எடுத்துட்டாங்க, உங்க கடைல மட்டும் ஒண்ணு இன்னும் இருக்கே. மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அது துண்டு இல்ல மேடம்."

"பின்ன?"

"மத்தியானம் வேன்ல எங்களுக்கு நாலு கேக்கு வந்துடுச்சு. தொறந்தா எல்லாத்துலயும் அவரு பேரு. பக்குனு ஆயிடுச்சு. மூணுல பேரச் சுரண்டி வேற பேரு எழுதி வித்துட்டேன். நாலாவதச் சுரண்டலாம்னு கத்திய எடுத்தேன், கை வரல மேடம். பத்து வருசமா இந்தக் கடையில கீறேன். ஊருல கீறவன் பேரெல்லாம் எழுதி வித்துகினு கீறோம். அந்த மனுசன் பேர ஒரு தபாகூட எழுதினது இல்ல. அதான், நாங்களே காசு குடுத்துப் பில்லு போட்டு, கடையில கீற மூணு பேரும் கை தட்டிப் பாடி வெட்டிட்டோம். அவரண்ட சொல்லிடாதீங்க மேடம், வேல நேரத்துல இன்னாடி பாட்டுன்னு கத்துவாரு."

மணவாளன் எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எனக்கு ஒரு பீஸு எடுத்து வெச்சியா, இல்ல எல்லாத்தையும் துன்னுட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டு விழுந்தது.

"மொ... மொதலாளி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு வசந்தா."

"கீது மொதலாளி. ரோஜாப்பூ வெச்ச பீஸு கீது."

"வரேன். வெய்யி."

போன் அடங்கியது. மணவாளன் கண்ணாடியைக் கழற்றி, இந்த முறை கண்ணைத் துடைத்தார். மறைக்கவும் இல்லை. பிறகு வித்யாவின் பக்கம் திரும்பினார்.

"டிவி இருக்கட்டும்மா. உள்ளதச் சொல்லுது. அதுங்களுக்குத் துண்டு போடறதுக்குத் தனியா ஒரு இடம் பண்ணிக் குடு. ஆளு வந்து பேரு கேட்டு எழுதற வரைக்கும் அமலுக்கு அது காட்டக் கூடாது. முடியுமா?"

"முடியுங்க சார். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்" என்றாள் வித்யா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மொதல்ல ஆறு கடைக்கும் நேர்ல போய், அவங்க எப்படிப் போடறாங்கன்னு கூட நின்னு பார்த்துட்டு வந்து பண்றேன்."

"அப்டிச் செய்யி" என்று அவர் வாசலுக்கு நடந்தார்.

அமல்ராஜ் மேஜையைக் காட்டினார். "மொதலாளி, இத்தினி கேக்கயும் இன்னா பண்றது? பேரச் சுரண்டிடட்டுமா?"

"சுரண்டாத. வெளிய ஷிப்ட் உட்டு ஜனம் வந்துகினு கீது பாரு. கேட்டாண்ட மேஜையப் போட்டு எல்லாருக்கும் வெட்டிக் குடு."

"யாருக்குப் பொறந்தநாளுன்னு கேட்டா?"

மணவாளன் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினார். அவசரமே இல்லாமல், ஒன்று மாட்டி, மற்றதை மாட்டி, நிமிர்ந்தார்.

"எனக்குன்னு சொல்லு" என்றார்.