இரண்டாம் குழுவின் வராந்தா

ஆராய்ச்சியாளரின் அறைக்குப் போகும் வராந்தா இருபத்திரண்டு அடி நீளம். ஆனால் ஆய்வு தொடங்கிய ஏழாவது மாதத்திலிருந்து, இரண்டாம் குழுவைச் சேர்ந்த தாய்மார்கள் அதைக் கடக்க ஒன்பது நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. முதல் குழுவினர் வழக்கம்போல் பத்து எட்டில் கதவைத் தட்டினார்கள். கட்டடப் பிரிவிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்து அளந்தார். இருபத்திரண்டு அடிதான், மின்விசிறி ஒன்று ஓடவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றியது. பயிற்சி பெற்ற துணையாளர் ஒருவர் வாரம் இருமுறை வீட்டுக்குப் போவார். பேச்சு வராத குழந்தைக்கு, வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்குவார். மூன்று மணி நேரம் குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு தாயைத் தூங்கவிடுவார். இதற்குப் பலன் உண்டு என்று நிரூபிக்க நாற்பது குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். இருபது வீட்டுக்கு உடனே துணையாளர். மற்ற இருபது வீட்டுக்கு ஆறு மாதம் கழித்து. அதுவரை மாதம் ஒருமுறை வந்து படிவம் நிரப்பினால் போதும். சீட்டுக் குலுக்கியது ஆராய்ச்சியாளர். ஆறே மாதம் என்று ஒவ்வொரு தாயின் கையையும் பிடித்துச் சொன்னதும் அவள்தான். அன்றைக்கு அது பொய்யில்லை.

ஆறு மாதம் முடிந்ததும், தேனொழுகப் பேசுகிற துறைத்தலைவர், "அவங்களுக்கும் குடுத்துட்டா அப்புறம் யாரோட ஒப்பிடுறதும்மா?" என்று நீட்டிப்புத் தாளை நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மறு வருடமும் போட்டாள். கொடுத்த வாக்கு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் வராந்தா நீண்டது. கட்டுரைகள் வந்தன, கேடயம் வந்தது, மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். கதவருகே நின்று, தொலைவில் கடுகாகத் தெரியும் தாய்மார்கள் நடந்து வருவதைப் பார்க்க அவளுக்குப் பழகிவிட்டது. வெட்கங்கெட்ட பழக்கம். ஐந்தாம் வருடத்தில் அந்த நடை ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. போட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

அந்த வருடம் ஒரு காலையில், இரண்டாம் குழுவிலிருந்த தையல்காரம்மா ஒருத்தி மகளோடு வந்து சேர்ந்தாள். சீட்டுக் குலுக்கியபோது மகளுக்கு நாலு வயது, இப்போது ஒன்பது. அம்மாவைத் தவிர யார் ஊட்டினாலும் துப்பிவிடுவாள். 'கடந்த வாரம் களைப்பாக உணர்ந்தீர்களா' என்ற கேள்வியில் தையல்காரம்மா பேனாவை நிறுத்தினாள்.

"மேடம், இதுல இங்க நடந்து வந்த களைப்பையும் சேக்கணுமா, இல்ல வீட்டுக் களைப்பு மட்டுமா?"

ஆராய்ச்சியாளரின் பார்வை படிவத்துக்குப் போனது.

"இன்னொண்ணு மேடம். எனக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. அஞ்சு நாள் படுக்கணுமாம். இவள யார்கிட்ட விட்டுட்டுப் படுக்கிறது? உங்க ஆளு வரட்டும், இவ பழகட்டும்னு தள்ளிப்போட்டேன். இனிமே தள்ளினா உயிருக்கே ஆபத்துங்கிறாரு டாக்டரு. இத எந்தக் கட்டத்துல எழுத?"

அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை. படிவத்தைத் தயாரித்ததும் அவளேதான்.

தையல்காரம்மா கிளம்பியதும் அவள் அடுத்திருந்த துறைத்தலைவரின் அறைக்குப் போனாள். அந்த வருடத்து நீட்டிப்புத் தாள் மேஜையில் தயாராக இருந்தது. அவள் தையல்காரம்மாவின் கட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"ஒருத்தருக்காக விதிய மாத்தினா அது ஆய்வு இல்லம்மா, தர்மம்," என்றார் தலைவர்.

"இது ரெண்டும் இல்ல சார். பச்ச ஏமாத்து. ஏமாத்தினது நான்," என்று தாளை நான்காகக் கிழித்து அவர் முன்னாலேயே போட்டாள். அவரைவிடத் தன்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம்.

தையல்காரம்மாவைப் பிடிக்க வேகமாக வெளியே வந்தாள். பத்து எட்டு வைத்தாள், வாசல் வரவில்லை. நூறு வைத்தாள். அவளுக்கும் வராந்தா நீண்டிருந்தது. சுவரில், பிள்ளைகள் வளர வளரத் தாய்மார்கள் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள் இருந்தன. ஜன்னல் கம்பிகளில் பல்தடம். வார் அறுந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் நடந்த பிறகு, தரையில் உட்கார்ந்து மகளின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா தெரிந்தாள்.

"ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கம்மா. நாளைக்கே ஆள் வரும். வரலைன்னா நான் வருவேன்."

"அஞ்சு வருஷம் முன்னாடி இதே வாய்தான் மேடம் சொல்லிச்சு."

மீதி வழியை மூவரும் சேர்ந்து நடந்தார்கள்.

மறுநாள் அவள் சொன்னபேரில் இரண்டாம் குழுவின் இருபது வீட்டுக்கும் துணையாளர்கள் போனார்கள். ஏழு வாரம் நடந்தது. பிறகு தலைவர் அதை நிறுத்தினார், அவளையும் வேலையிலிருந்து நிறுத்தினார். ஆபரேஷன் எட்டாவது வாரத்தில் வந்ததால் அவளே போய்த் தையல்காரம்மா வீட்டில் ஐந்து நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் மகள் சோற்றை அவள் முகத்திலேயே துப்பினாள். மூன்றாம் நாள் தட்டுப் படத்தை எடுத்து நீட்டினாள், சாப்பிட்டாள். ஆறாம் நாள் தையல்காரம்மா உயிரோடு வீடு திரும்பினாள்.

அடுத்த வருடம் தலைவர் புதிய ஆய்வு தொடங்கினார். மறுபடியும் நாற்பது குடும்பம், மறுபடியும் சீட்டு. படிவத்தின் அடியில் ஒரு வரி புதிதாக அச்சாகியிருந்தது: 'இரண்டாம் குழுவினர் இரண்டு மணி நேரம் முன்னதாக வரவும். குடிநீர் கொண்டுவரவும்.' இரண்டாம் குழுச் சீட்டு விழுந்த ஓர் இளம் தாய் ஆராய்ச்சியாளருக்குப் போன் செய்தாள்.

"நீங்க அந்த வராந்தாவுல நடந்திருக்கீங்களாமே மேடம். எவ்ளோ தண்ணி எடுத்துட்டுப் போகணும்?"

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் போடாவிட்டால், என்றைக்காவது உதவிக்கு அந்த வீட்டுப் படியேற வேறு யார் இருக்கிறார்கள்?

"ரெண்டு லிட்டர்மா," என்றாள். "பிள்ளைக்குத் தனியா."